ஃபெமினாவின் இரண்டாம் பார்வை

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் எல்லோரும் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஃபெமினா கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாவது வளைவுக்குப் பக்கத்தில் அங்கே ஒரு விரிசல் இருக்கிறது. அது பூச்சோடு நிற்கிறதா, உள்ளே செங்கல் வரைக்கும் போகிறதா என்பது அவளுடைய பல வருடத்துக் கவலை. பிரசங்கத்தில் ஃபாதர் என்ன சொன்னார் என்று வீட்டில் கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். கணவன் ஆஸ்டின் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். கேலி பேச அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "சாமியே நேர்ல வந்து நின்னாலும் இவ மொதல்ல பின்னாடி செவுத்துல கீறல் இருக்கான்னுதான் பார்ப்பா" என்பான்.

அவன் சொல்வதிலும் தப்பில்லை. கீறல் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. எலும்புக்கு எக்ஸ்ரே எடுப்பதுபோல இரும்புக்கும் எடுப்பார்கள். இரண்டு குழாய்களைச் சேர்த்து வெல்டிங் வைத்த இடத்தைப் படம் பிடித்து, உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். பாய்லர் வேலையில் ஊறிய திருச்சியில் அப்படிப் படிக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. பெண்கள்தான் அபூர்வம். ஃபெமினாவின் அப்பா அமிர்தராஜ் வெல்டர். ஃபெமினா வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே அவர் வைத்த ஜாயிண்ட் ஒன்று இவள் மேஜைக்கு வந்தது. தள்ளுபடி என்று எழுதிவிட்டாள். மனிதர் இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பாலக்கரை டீக்கடையில் உட்கார்ந்து, "எம் பொண்ணு எனக்கே ரிஜெக்ட் போட்டுட்டா" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. எந்த வேலை வந்தாலும் படங்களை இரண்டு தடவை பார்ப்பாள். முதல் தடவை சாயங்காலம், ஓட்டமாக. அப்போது எதையும் குறிக்கமாட்டாள். குறித்து வைத்தால் மறுநாள் கண் நேராக அங்கேதான் ஓடும், மற்ற இடத்தைக் கோட்டைவிடும் என்பது அவள் கட்சி. மறுநாள் காலை, தூங்கி எழுந்த கண்ணோடு, முதல் படத்திலிருந்து ஆரம்பிப்பாள். அந்த இரண்டாம் பார்வையில்தான் எழுதுவாள், கையெழுத்துப் போடுவாள். அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட வேலை ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு, இருக்க வேண்டியதுதான்.

பொன்மலைப்பட்டியில் ஸ்டீபன்ராஜ் வீட்டின் கீழ்த்தளத்தில்தான் அந்த லேப். ஸ்டீபன்ராஜ் முதலாளி என்றாலும் அவளுக்கு அண்ணன் மாதிரி. அவள் மகள் ஜாஸ்லினின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர் அவர்தான். ஃபிலிம் கிடையாது, படங்களெல்லாம் கம்ப்யூட்டர் வழியாக ஒரு கறுப்புப் பெட்டிக்குள் போகும். அதற்குள் நான்கு ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு படத்தையும் நான்கிலும் பங்கு போட்டு எழுதும். ஒன்று செத்துப்போனால், மிச்சம் மூன்றை வைத்துக் கூட்டிக் கழித்துப் போனதைத் திரும்ப உண்டாக்கிவிடும். ரெய்டு என்பார்கள். விற்றவன் இதைச் சொன்ன நாளிலிருந்து ஸ்டீபன்ராஜுக்கு அந்தப் பெட்டிமேல் அபார நம்பிக்கை. தனியாக இன்னொரு பிரதி எடுத்து வைக்கலாமே அண்ணே என்று ஃபெமினா சொன்னபோதெல்லாம், "உள்ளயே நாலு இருக்கும்மா" என்று முடித்துவிடுவார்.

டிசம்பர் மாதத்தில் அந்த நாலில் ஒன்று செத்தது. பெட்டி விடாமல் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. புது டிஸ்க் சென்னையிலிருந்து வர வேண்டும், கிறிஸ்துமஸ் கூட்டத்தில் கூரியர் தாமதம். "மூணு இருக்குல்ல, தாங்கும்" என்று சொல்லி ஸ்டீபன்ராஜ் சத்தத்தை மட்டும் அணைத்துவைத்தார். அணைத்த பிறகு அதை எல்லோரும் மறந்தார்கள். ஃபெமினாவும் மறந்தாள்.

அந்த வாரம்தான் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை வேலை வந்தது. பாய்லரிலிருந்து நெல் அவிக்கிற தொட்டிகளுக்கு நீராவி கொண்டுபோகும் பெருங்குழாயைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். ஐம்பதுக்கும் மேல் ஜாயிண்ட். களத்துச் சுவரை ஒட்டி நீளமாகப் போகிற குழாய். படமெடுக்கிற ஆட்கள் எடுத்து முடித்து வந்ததும், ஆலைக்காரர்கள் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் குழாயின்மேல் கண்ணாடிப் பஞ்சைச் சுற்றித் தகரமும் அடித்துவிட்டார்கள். அவர்கள் அவசரம் அவர்களுக்கு.

சாயங்காலம் ஃபெமினா வழக்கம்போல முதல் பார்வை பார்த்தாள். பாதிக்கு மேல் போனபோது ஒரு படத்தில் கை நின்றது. வெல்டிங்கின் ஓரத்தை ஒட்டிக் கறுப்பாக, மயிரிழைபோல ஒரு கோடு. படமெடுக்கிற தகட்டில் ஒட்டிய அழுக்காக இருந்தால் வெளுப்பாகத் தெரியும். இது கறுப்பு. வெடிப்பாக இருக்கலாம், விளிம்பின் நிழலாகவும் இருக்கலாம். பெரிதாக்கிப் பார்க்க விரல் துடித்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தன் முறைப்படி அடுத்த படத்துக்குப் போனாள். எண்ணைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதுதானே அவள் வைத்த சட்டம்.

அன்றைக்குப் பங்குக் கோயிலிலிருந்து கிறிஸ்துமஸ் கேரல் பாட வருகிற நாள். ஸ்டீபன்ராஜ் வீட்டு வாசலில் ஆளுயர நட்சத்திரம், குடில், சீரியல் விளக்குகள். கரண்ட் போனாலும் நட்சத்திரம் அணையக் கூடாது என்று அத்தனை இணைப்பையும் லேப் யுபிஎஸ்ஸில் கொடுத்து வைத்திருந்தார். பாட்டுக் குழு கீபோர்டும் இரண்டு ஸ்பீக்கரும் கொண்டுவந்தது. அதையும் அதிலேயே சொருகினார். பெட்டி உள்ளே அன்றைய படங்களை எழுதி அடுக்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் தெருவே இருண்டது. யுபிஎஸ் ஒரு தரம் முனகியது, பாரம் தாங்காமல் டக்கென்று அதுவும் படுத்துவிட்டது. குழந்தைகள் சிரித்தார்கள். குழு நிறுத்தாமல் வெறும் தொண்டையில் பாடியது. கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஃபெமினாவும் சேர்ந்து பாடினாள். இன்று அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் அவள் எழுந்து போய்விடுவாள்.

காலையில் பெட்டி திறக்கவில்லை.

மன்னார்புரத்தில் டேட்டா மீட்கிற கடை வைத்திருக்கும் சேக் மைதீனிடம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். முகம் மாறுவதை ஃபெமினா கவனித்துக்கொண்டே இருந்தாள்.

"பேக்கப் எங்கண்ணே?" என்றார்.

"இதுதான் பேக்கப்" என்றார் ஸ்டீபன்ராஜ்.

"இது பேக்கப் இல்லண்ணே. நாலு பேரு தூக்குற சப்பரம். ஒருத்தன் ஏற்கெனவே விழுந்து கெடந்திருக்கான். மூணு பேரு பல்லக் கடிச்சுக்கிட்டுத் தூக்கிட்டிருந்தாங்க. நேத்து கரண்ட் போனதுல இன்னொருத்தன் கால் இடறிட்டான். கடைசியா எழுதுனதுதான் மொதல்ல கெட்டிருக்கும்."

கடைசியாக எழுதியது மண்ணச்சநல்லூர். மதியம் வரை போராடி அவர் சில படங்களை வெளியே எடுத்தார். மேல் பாதி தெரிந்தது, கீழ்ப் பாதி சாம்பல் பூசிய பலகையாக இருந்தது. ஜாயிண்ட் எண் கீழ்ப் பாதியில்தான் இருக்கும். ஃபெமினா நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒவ்வொரு பாதியையும் பார்த்தாள். திரும்பப் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு திரை கலங்கியது. துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். கோடு இல்லை. அது ஏதோ ஒரு சாம்பலுக்குள் இருந்தது.

"இன்னும் தோண்டிப் பார்க்கிறேன்க்கா. ஆனா நம்பிக்கை வெச்சுக்காதீங்க" என்றார் சேக் மைதீன்.

வெளியே வந்ததும் ஸ்டீபன்ராஜிடம் அந்தக் கோட்டைப் பற்றிச் சொன்னாள். அவர் முதலில் கேட்டது, "எந்த ஜாயிண்ட்?"

"தெரியாதுண்ணே."

"குறிச்சு வெக்கலையா?"

 அவருக்கே அவள் முறை தெரியும். போகிற வருகிற வாடிக்கையாளர்களிடம் அதைச் சொல்லித்தான் வேலை பிடிப்பார்.

ஸ்டீபன்ராஜ் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பயம் வந்துவிட்டால் மனிதனுக்குக் குறுக்கு வழிதான் முதலில் கண்ணில் படும். ஆலைக்காரர்கள் கேட்டபோது எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று முந்தின நாளே வாயால் சொல்லிவிட்டிருந்தார். துறையூரில் போன மாதம் இதே அளவுக் குழாய்க்கு எடுத்த படங்கள் லேப்டாப்பில் இருந்தன. அதில் எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்றார். "நீ நிழலுன்னு நெனச்சுக்கம்மா. நீயே சொல்ற, நிழலாவும் இருக்கலாம்னு. படம் தொலைஞ்சிருச்சுன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் நம்ம லேபுக்கு வேலை தரமாட்டான். கையெழுத்து ஒண்ணுதான் வேணும்."

"வெடிப்பா இருந்தா?"

"இருக்காதும்மா" என்றார். அவர் குரலே அவரை நம்பவில்லை.

ஃபெமினா ஆலைக்குப் போன் செய்தாள். சூப்பர்வைசர் பிரவீன்ராஜ் எடுத்தார். பின்னால் இரைச்சல். "ட்ரையல் ஓடிக்கிட்டிருக்குங்க மேடம். நெல்லு ஊறிடுச்சு, ஸ்டீம் ஏத்தியாச்சு. உங்க ரிப்போர்ட்டு மெதுவா வரட்டும், ஒண்ணும் அவசரமில்ல" என்றார். நிறுத்துங்கள் என்றாள். ஏன் என்றார். ஒரு ஜாயிண்டில் சந்தேகம் என்றாள். எந்த ஜாயிண்ட் என்றார். தெரியாது என்றாள். "நம்பர் சொல்லுங்க மேடம், முதலாளிகிட்ட பேசுறேன். நம்பரே இல்லாம எப்படிங்க?" என்று போனை வைத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது ராஜகோபாலன் ஒருவர்தான். ஆலைக்காகக் குழாய் வேலையை மேற்பார்வை பார்க்கும் இன்ஸ்பெக்டர், ஸ்ரீரங்கத்துக்காரர். அவர் நிறுத்து என்றால் நிற்கும். போன் அணைந்திருந்தது. அன்றைக்கு வைகுண்ட ஏகாதசி. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கத்துக்கு ஏறிய பஸ் காவிரிப் பாலம் தாண்டியதும் மாம்பழச்சாலையில் நின்றுவிட்டது. முன்னால் தலைகள், தலைகள். இறங்கி நடந்தாள். சொர்க்கவாசலுக்கு வந்த கூட்டம் எதிரே திரும்பிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் மலர்ந்த முகத்தோடு வர, இவள் ஒருத்தி பேயறைந்தவள்போல எதிர்ப்பக்கம் முட்டிமோதிப் போனாள். தோளில் யாரோ இடித்தார்கள். செருப்பு அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு நிமிடமும் அங்கே குழாய்க்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. மாதாவே, மாதாவே என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

உத்திர வீதியில் ராஜகோபாலன் வீட்டில் இருந்தார். விடியற்காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து, உபவாசக் களைப்போடு சாய்ந்திருந்தார். மனைவி ஹம்ஸா, இவள் கோலத்தைப் பார்த்துப் பதறித் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஃபெமினா ஒன்றையும் மறைக்கவில்லை. பெட்டி, கரண்ட், கோடு, எண் தெரியாதது எல்லாவற்றையும் சொன்னாள். துறையூர்ப் படங்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. மகளின் ஞானத்தகப்பனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். "படம் போயிடுத்துன்னா திரும்ப எடுக்கணும், வாஸ்தவம். அடுத்த வாரம் பாய்லரை நிறுத்தறச்சே எடுக்கச் சொல்றேன். இன்னிக்கே நிறுத்துன்னு எப்படிச் சொல்லுவேன்? ஊறின நெல்லைத் தொட்டியில விட்டா நாறிப்போகும். முதலாளி என்னைக் கேப்பர். வாய் வார்த்தைக்கு நிறுத்தினேன்னு சொல்ல முடியுமோ? ரிஜெக்ட்னு ஒரு ஜாயிண்ட் எழுத்துல வரட்டும், அந்த க்ஷணமே நிறுத்தறேன். அது என் அதிகாரத்துல இருக்கு."

"ஒரு ஜாயிண்ட்" என்றாள் ஃபெமினா.

"ஆமாம். அந்த ஒண்ணைச் சொல்லுங்கோ."

ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அந்த ஒன்றை மட்டும் பிரித்துப் படமெடுப்பார்கள். நன்றாக இருக்கும். மறுபடி தகரம் அடித்துத் தீயை மூட்டிவிடுவார்கள். 

"ஒரு வெள்ளைத் தாள் குடுங்க சார்."

ஆலையின் பெயரை எழுதினாள். கீழே ஒரே வரி: முதல் ஜாயிண்டிலிருந்து கடைசி ஜாயிண்ட் வரை அனைத்தும் தள்ளுபடி. தன் பெயர், தன் சான்றிதழ் எண், கையெழுத்து. இரண்டாம் பார்வை இல்லாமல் அவள் போட்ட முதல் கையெழுத்து அது.

ராஜகோபாலன் தாளை வாங்கிப் படித்தார். "அத்தனையுமா? படத்தைக் காட்டுன்னு கேட்டா என்ன சொல்லுவேள்?"

"காட்ட முடியாது சார்."

"ஸ்டீபன்ராஜுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"இதுக்கப்புறம் உங்க கையெழுத்துக்கு இந்த ஊர்ல மதிப்பு இருக்காதும்மா. புரிஞ்சுதான் போடறேளா?"

"இப்ப நிறுத்தச் சொல்லுங்க சார்" என்றாள்.  அவர் போனை எடுத்தார். போனில் ஆலை முதலாளி கத்தியது ஹம்ஸா வரைக்கும் கேட்டது. மனிதர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "ஆட்டோ பிடிங்கோ, நேர்ல போனாத்தான் நடக்கும்" என்றார்.

கொள்ளிடம் தாண்டி, டோல்கேட் தாண்டி, மண்ணச்சநல்லூர் போய்ச் சேர்ந்தபோது குழாய் நீளத்துக்கும் உஸ்ஸென்று சத்தம். ராஜகோபாலன் தாளை நீட்டினார். முதலாளி அதைப் படித்தார், அவளை ஏற இறங்கப் பார்த்தார், அவள் கையிலிருந்த அறுந்த செருப்பையும் பார்த்தார். திட்டிக்கொண்டேதான் பாய்லர் தீயை அணைக்கச் சொன்னார்.

சத்தம் அடங்க நேரமாயிற்று. வேலையாட்கள் என்னவோ ஏதோ என்று கூடினார்கள். களத்துச் சுவரோரம், குழாய்க்கு நேர் கீழே, துண்டைப் போர்த்திக்கொண்டு ஓர் அம்மாள் மட்டும் எழுந்திருக்காமல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மார்கழிக் குளிருக்கு அந்த இடம் கதகதப்பு. பெயர் ரங்கம்மா என்று யாரோ கூப்பிட்டபோது தெரிந்தது.

"ஒன்னாலதான் நிறுத்துனாங்களா?" என்று கேட்டாள்.

ஃபெமினா தலையாட்டினாள்.

"ஊறுன நெல்லு நாளைக்கு நாறும். அத அள்ளிக் கொட்டுறது யாரு, நாங்கதான். கூலியும் போச்சு. நல்ல நாளும் அதுவுமா வந்து நெருப்ப அணைச்சுட்ட. நல்லாருப்பியா நீயி?"

"அந்தக் குழாய்க்குக் கீழ உக்காராதீங்கம்மா" என்று மட்டும் ஃபெமினா சொன்னாள்.

"கொஞ்ச நேரம் சூடு இருக்கும். அதுவும் பொறுக்கலையா ஒனக்கு?" ரங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்டீபன்ராஜ் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மறுநாள் அவள் போனபோது, கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே நட்சத்திரத்தைக் கழற்றிக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான். சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பார், இவள் இளகியிருப்பாள். அது இருவருக்குமே தெரியும். லேப் கதவு சாத்தியே கிடந்தது. வேலைக்கு வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஒரு ஆலையையே ஒட்டுமொத்தமாகத் தள்ளுபடி செய்த பொம்பளை என்று பட்டறைக்குப் பட்டறை பேச்சு பரவியது. பைத்தியம் என்றார்கள் சிலர். போட்டிக் கம்பெனியிடம் காசு வாங்கியிருப்பாள் என்றார்கள் சிலர்.

ஆலையில் தகரத்தைப் பிரித்து, பஞ்சை உரித்து, வேறொரு லேப் முழுவதையும் திரும்பப் படமெடுத்தது. படிக்கிறதும் வேறு ஆள். ஃபெமினா வீட்டில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.  அந்தக் கோடு உண்மையிலேயே இருந்ததா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கண்ணை மூடினால் ஐம்பது படத்திலும் கோடு தெரிந்தது, திறந்தால் ஒன்றிலும் இல்லை. இல்லை என்று வந்துவிட்டால் அவள் ஓர் ஆலையை அநியாயமாக நிறுத்தியவள், ஸ்டீபன்ராஜ் குடும்பத்தை நடுத்தெருவில் விட்டவள், ரங்கம்மாவின் கூலியில் மண்ணைப் போட்டவள். வெடிப்பு இருக்கட்டும் என்று மனம் வேண்டியது. வெடிப்பு இருக்க வேண்டும் என்றா ஜெபம் செய்வார்கள் என்று தன்மீதே அருவருப்பு வந்தது. அப்பா வந்து எதிரே உட்கார்ந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆஸ்டின் கேலி பேசுவதை நிறுத்தியிருந்தான். அதுதான் அவளுக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு ஒரு மதியம் ராஜகோபாலன் கூப்பிட்டார்.

"எல்லாம் பார்த்தாச்சும்மா. அத்தனையும் நன்னாத்தான் இருக்கு" என்றார். அவளுக்குக் கண் இருட்டியது. அவர் தொடர்ந்தார். "ஒண்ணைத் தவிர. ஓரத்தை ஒட்டி வெடிப்பு. நீங்க சொன்னாப்பலயே மயிரிழை மாதிரி, ஆனா உள்ளே ஆழம். சூடேறி ஆறினதுல இன்னும் ஓடியிருக்கும்ங்கறா."

"நம்பர் என்ன சார்?"

"முப்பத்தேழு."

 "அது எந்தப் பக்கம் சார் வருது?"

"களத்துப் பக்கம். சுவரோரமா ஒரு அம்மா துண்டைப் போர்த்திண்டு உக்காந்திருந்தாளே, அவளுக்கு நேர் மேலே."

போனை வைத்ததும் ஆஸ்டின் ஓடிவந்து என்ன என்று கேட்டான். ஃபெமினா, "முப்பத்தேழு" என்றாள். மேலே பேச முடியவில்லை. அடுப்படித் தரையில் உட்கார்ந்துகொண்டு, ஜாஸ்லின் பயந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக அழுதாள்.